குறைந்த செலவில் கத்தி செய்யத் தொடங்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கத்தி செய்யக் கற்றுக்கொள்ள விரும்புவோர் என்னிடம் முதலில் விசாரிப்பது பெரும்பாலும் எந்த மெஷினை வாங்கலாம் என்பதைத்தான். பெல்ட் கிரைண்டருக்குப் பணம் சேரட்டும் என்று காத்திருந்தே ஆர்வம் வடிந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. முதல் மூன்று நான்கு கத்திகளுக்கு மெஷின் தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. இன்ன எஃகு என்று தெரிந்த ஒரு துண்டு, புது அரம், போதுமான உப்புத்தாள், சூடேற்றுவதில் கவனம் ஆகிய நான்கும் இருந்தால் வீட்டுச் சமையலறையில் பல ஆண்டுகள் உழைக்கும் கத்தியைச் செய்துவிடலாம்.

உண்மையில் குறைந்தபட்சம் எவ்வளவு செலவாகும்?

கையால் செய்வதென்றால் சுமார் மூவாயிரம் ரூபாய்க்குள் தொடங்கிவிடலாம். ஹேக்ஸா பிரேமும் நான்கைந்து பிளேடுகளும், 10 அங்குலத் தட்டை அரம் ஒன்று, அதைவிடச் சிறிய அரை வட்ட அரம் ஒன்று, இரண்டு சி கிளாம்பு, 120 முதல் 600 வரை எண்ணுள்ள உப்புத்தாள்கள், ஒரு சிறு பெட்டி அரால்டைட் பசை, இரண்டு பக்கமும் பயன்படும் சாணைக்கல் ஆகியவை இதில் அடங்கும். துளையிடும் மெஷினை அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கிக்கொள்ளலாம், அல்லது லேத் பட்டறையில் கொடுத்து மூன்று துளைகள் போட்டுத்தரச் சொல்லலாம்.

பணத்தை மிச்சப்படுத்தக் கூடாத இடம் அரம். மலிவான அரம் இரண்டே நாளில் பல் மழுங்கிவிடும். அதன்பின் நாம் இழைக்காமல் தேய்த்துக்கொண்டிருப்போம். தோள் வலிக்கும், வேலை நகராது, பழி நம் திறமையின் மேல் விழும். உப்புத்தாளையும் அப்படியே தாராளமாகப் பயன்படுத்துங்கள். தேய்ந்த தாளை வைத்துக்கொண்டு மேலும் அரை மணி நேரம் தேய்ப்பதில் எந்தச் சிக்கனமும் இல்லை.

உலையும் பட்டடைக்கல்லும் இல்லாமல் கத்தி செய்ய முடியுமா?

முடியும். கத்தி செய்ய இரண்டு வழிகள் உண்டு. எஃகைப் பழுக்கக் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து வடிவத்துக்குக் கொண்டுவருவது கொல்லரின் வழி. தட்டையான எஃகுப் பட்டையை வெட்டி, வேண்டாத பகுதியை அரத்தால் இழைத்து நீக்கிவிடுவது மற்றொன்று. அடித்துச் செய்த கத்திதான் உறுதியானது என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக இருக்கிறது. ஆனால் ஆலையில் உருட்டி வரும் இன்றைய எஃகு ஏற்கெனவே நன்கு இறுகி, சீராக இருப்பதால், நாம் அடிப்பதால் அதற்குக் கூடுதல் வலிமை வந்துவிடுவதில்லை. அடிப்பதால் கிடைப்பது வடிவமும் எஃகின் சிக்கனமும்தான். கூர் நிற்பதும் நிற்காததும் எஃகின் கார்பன் அளவு, கொடுத்த தோய்ச்சல் (எஃகைக் காய்ச்சி முக்கிக் கடினமாக்குவது), வாயின் (வெட்டும் விளிம்பின்) மெல்லிய தன்மை ஆகியவற்றைப் பொறுத்தவை.

எனவே இழைக்கும் வழியில் தொடங்குங்கள். தோய்ச்சலுக்கு மட்டும் ஒரு சிறிய கரி அடுப்பு போதும்.

எந்த எஃகை வாங்குவது?

கத்திக்குக் குறைந்தது 0.5 சதவீதமாவது கார்பன் வேண்டும், 0.7 முதல் 0.9 வரை இருப்பது புதியவருக்கு மிகவும் ஏற்றது. அதனால்தான் 1075, 1084 என்ற எண்கள் கொண்ட எளிய கார்பன் எஃகுகளைப் பரிந்துரைக்கிறார்கள். இந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் கார்பன் அளவைக் குறிக்கின்றன: 1084 என்றால் ஏறத்தாழ 0.84 சதவீதம். குரோமியமும் வனேடியமும் சிறிதளவு சேர்ந்த 80சிஆர்வி2 என்ற எஃகும் நல்லது. கத்தி செய்பவர்களுக்கென்றே எஃகு விற்கும் இணையக் கடைகளில், 3 மி.மீ. தடிமனில் ஓரடி நீளத் துண்டு ஒன்று வாங்கினாலே முதல் கத்திக்குத் தாராளம்.

எஞ்சினியரிங் கடைகளில் எளிதாகக் கிடைப்பது ஈஎன்31. பேரிங் செய்யப் பயன்படும் எஃகு அது. கார்பன் சுமார் 1 சதவீதம், கூடவே குரோமியம். நல்ல எஃகுதான். ஆனால் அதன் முழு ஆற்றலும் வெளிப்பட, சரியான வெப்பத்தில் பத்து நிமிடமாவது நிறுத்திவைக்க வேண்டும். கரி அடுப்பில் அது கைப்பழக்கம் வந்த பிறகே இயலும். முதல் கத்திக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வேண்டாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். கட்டடங்களில் போடும் முறுக்குக் கம்பியில் கார்பன் 0.3 சதவீதத்துக்கும் குறைவு. எத்தனை முறை காய்ச்சி முக்கினாலும் அது கத்திக்குரிய கடினத்தை அடையாது. பாத்திரங்கள் செய்யும் 304 வகைத் துருப்பிடிக்காத எஃகு தோய்ச்சலுக்கே இணங்காது. கத்திக்கென உள்ள துருப்பிடிக்காத எஃகு வகைகளுக்கு 1,000 டிகிரிக்கு மேல் துல்லியமாகக் காட்டும் மின்சூளை வேண்டும்.

லாரிப் பட்டைதான் சிறந்தது என்கிறார்களே?

லாரியின் அடியில் பாரம் தாங்கும் வில்பட்டையைத்தான் லாரிப் பட்டை என்கிறோம். அரிவாளுக்கு அது மிகச் சிறந்தது. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாள் பெயர் பெற்றது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இன்று ஊர்ப் பட்டறைகள் பலவற்றிலும் அரிவாளாக மாறுவது கழித்துப்போட்ட லாரிப் பட்டைதான். ஓங்கி வெட்டும்போது உடையாத வில்தன்மை அதற்கு உண்டு. ஆனால் அதன் தடிமன் பெரும்பாலும் 8 மி.மீ.க்கு மேல் இருக்கும். அதை அரத்தால் 3 மி.மீ.க்கு இழைத்துவிடலாம் என்று தொடங்குபவர் அந்த வாரத்திலேயே கைவிட்டுவிடுவார். அது சம்மட்டிக்கு ஏற்ற இரும்பு.

இழைக்கும் வழிக்குக் காயலாங்கடையில் தேடவேண்டியது வேறு. மர அறுவை மில்லில் கழித்த அகலமான ரம்பப் பட்டை, ஒன்று ஒன்றரை மி.மீ. தடிமனில், காய்கறிக் கத்திக்கு அளவெடுத்ததுபோல் இருக்கும். பழைய பெரிய அரமும் நல்லது. அரம் ஏற்கெனவே முழுக் கடினத்தில் இருப்பதால், வீட்டு ஓவனில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வீதம் இருமுறை வைத்துக் கடினத்தைச் சற்றுக் குறைத்து, அதாவது பதம் இறக்கிவிட்டுச் சாணைச் சக்கரத்தில் தேய்த்தே கத்தியாக்கலாம்; தோய்ச்சல் வேலை முழுவதும் மிச்சம். இரண்டு நிபந்தனைகள் உண்டு. தேய்க்கும்போது ஒவ்வொரு சில விநாடிக்கும் தண்ணீரில் நனைத்துக் கைபொறுக்கும் சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும். பற்களின் தடம் ஒன்றுகூட வாய்ப்புறத்தில் மிஞ்சக் கூடாது, ஏனெனில் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

காயலாங்கடை இரும்பில் கார்பன் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சாணைச் சக்கரத்தில் வைத்துப் பொறியைப் பாருங்கள். சாதா இரும்பின் பொறி நீளமான கோடாகப் பறந்து அணையும். கார்பன் மிகுந்த எஃகின் பொறி சிறிது தூரத்திலேயே மத்தாப்புப் பூவைப்போல் பல கிளைகளாக வெடிக்கும். ஒரு பக்கம் தெரிந்த அரத்தையும் மறுபக்கம் சாதாக் கம்பியையும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால் கண் விரைவில் பழகிவிடும்.

பொறி மட்டும் போதாது. விரல் நீளத் துண்டு ஒன்றை வெட்டி, செக்கச் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் முக்கி, துணியால் சுற்றி வைஸில் பிடித்துச் சுத்தியலால் தட்டுங்கள். வளைந்தால் கத்திக்கு உதவாது. கண்ணாடிபோல் ஒடிந்தால் உடைந்த முகத்தைப் பாருங்கள்: சாம்பல் நிறத்தில் பட்டுப்போல் மெல்லிய மணி (எஃகின் துகள்) இருந்தால் எஃகும் நல்லது, நீங்கள் கொடுத்த சூடும் சரி. சர்க்கரையைப்போல் மின்னும் பெரிய மணி தெரிந்தால் சூடு மிகுந்துவிட்டது.

தண்டவாளத் துண்டு கிடைக்குமா என்று பலர் தேடுகிறார்கள். பட்டடைக்கல்லுக்கு அது ஏற்றதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ரயில்வே உடைமையை உரிய கணக்கில்லாமல் வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். காயலாங்கடையில் தடித்த இரும்புக் கட்டை எதுவானாலும் அதே வேலையைச் செய்யும்.

பவர் ஹேக்ஸா பிளேடில் செய்யும் கத்திகள் நல்லவையா?

நல்லவை, இரும்பறுக்கும் மெஷினின் அந்தப் பிளேடில் தோய்ச்சலே கொடுக்காமல் செய்யக்கூடியவை. முழுவதும் ஹைஸ்பீடு எஃகால் (உலோகம் வெட்டும் கருவிகளுக்கான எஃகு) ஆன பிளேடு 500 டிகிரிக்கு மேல் பதம் இறக்கப்பட்டது என்பதால், தேய்க்கும்போது எழும் சூட்டுக்கு எளிதில் மென்மையாகிவிடாது. ஆனால் பற்களில் மட்டும் ஹைஸ்பீடு எஃகும் உடலில் சாதா வில் எஃகும் ஒட்டவைத்த பிளேடுகளும் உண்டு. அப்படிப்பட்டதன் பற்களைத் தேய்த்து நீக்கினால், கத்திக்கு வேண்டிய பகுதியையே நீக்கியவராவோம். இதற்கு ஆங்கிள் கிரைண்டர் வேண்டும். அரம் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். துளையிடுவதும் கடினம். பிளேடின் முனையில் ஏற்கெனவே உள்ள துளையைப் பிடிக்குப் பயன்படுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம். கீழே போட்டால் ஒடியக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முதல் கத்தி எந்த அளவில், எந்த வடிவில் இருக்கலாம்?

நான்கு அங்குல அலகும் நான்கரை அங்குலப் பிடியும் கொண்ட காய்கறிக் கத்தியைச் செய்யுங்கள். அலகும் பிடியின் உள்தகடும் ஒரே துண்டாக இருக்கட்டும். இருபுறமும் மரத்தை வைத்து ஆணி அடிப்பதுதான் எளிது. முதலில் தடித்த அட்டையில் வரைந்து வெட்டி, கையில் பிடித்துப் பலகைமேல் வெங்காயம் அரிவதுபோல் அசைத்துப் பாருங்கள். விரல் கணுக்கள் பலகையில் இடிக்கின்றனவா என்பது அட்டையிலேயே தெரிந்துவிடும். இரண்டு ரூபாய் அட்டையில் திருத்தக்கூடிய பிழையை எஃகில் கண்டுபிடிப்பது வீண்.

முதல் முயற்சியிலேயே ஓரடி நீளப் போர்க்கத்தி செய்யப் போவோர் இருக்கிறார்கள். நீளம் கூடக்கூட இழைப்பும் தோய்ச்சலும் பல மடங்கு கடினமாகும். வளைவது, முறுக்குவது எல்லாம் நீளமான அலகில்தான் நேரும். அந்தக் கத்திக்கு வீட்டில் வேலையும் இல்லை. தினமும் கையிலெடுக்கும் கத்தி நமக்குக் கற்றுத்தருவது அதிகம்.

அரத்தால் மட்டும் சரிவை ஒழுங்காக இழைப்பது எப்படி?

முதுகிலிருந்து வாயை நோக்கி மெலிந்துவரும் பக்கம்தான் சரிவு. இங்கேதான் பொறுமை வேண்டும். முதலில் வாய்ப்புறத்தின் நடுக்கோட்டைக் குறியுங்கள். வாய்ப்புறம் முழுவதும் மார்க்கர் மையைப் பூசிக்கொள்ளுங்கள். எஃகின் தடிமனும் துளையிடும் பிட்டின் விட்டமும் ஒன்றாக இருந்தால் போதும்: 3 மி.மீ. எஃகுக்கு 3 மி.மீ. பிட். இரண்டையும் சமமான கண்ணாடித் துண்டின்மேல் படுக்கவைத்து, பிட்டின் முனை வாயின்மேல் உரசும்படி இழுத்தால் மையின் நடுவே மயிரிழைபோல் ஒரு கோடு விழும். அதற்கு இருபுறமும் சுமார் 0.4 மி.மீ. தள்ளி மேலும் இரண்டு கோடுகள் போட்டுக்கொள்ளுங்கள். இழைப்பு அந்தக் கோடுகளில் நிற்க வேண்டும்.

அடுத்து, கோணம் மாறாமலிருக்க ஒரு சிறு அமைப்பு. இரண்டடிப் பலகையின் ஒரு முனையில் கத்தியைக் கிளாம்பால் இறுக்குங்கள். மறுமுனையில் தலையில் வளையமுள்ள நீண்ட போல்ட் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்துங்கள். அரத்தின் பின்னால் ஒரு நேரான கம்பியைக் கட்டி, அந்தக் கம்பி வளையத்துக்குள் சென்றுவரும்படி வைத்து இழைத்தால், கை எப்படி ஆடினாலும் சரிவின் கோணம் அப்படியே இருக்கும். நட்டைத் திருகி வளையத்தை உயர்த்தினால் கோணம் மாறும். இந்த அமைப்பின் செலவு நூறு ரூபாய்கூட ஆகாது. தொடக்கக்காரர் கையில் ஆயிரக்கணக்கில் விலையுள்ள மெஷின் செய்வதைவிட நேர்த்தியான சரிவை இது தரும்.

அரம் முன்னே தள்ளும்போது மட்டும் வெட்டும். பின்னே இழுக்கும்போது தூக்கிவிடுங்கள். பற்களில் சுண்ணக்கட்டியைத் தேய்த்துக்கொண்டால் இரும்புத்தூள் அடைக்காது. ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போகாமல் மாறிமாறி இழைத்து வாருங்கள். தோய்ச்சலுக்குமுன் வாயைக் கூராக்கிவிடாதீர்கள்: ஏ.டி.எம். அட்டையின் தடிமன், அதாவது முக்கால் மி.மீ. அளவுக்கு விட்டுவைக்க வேண்டும். அதைவிட மெல்லியதாக இருந்தால் எண்ணெயில் முக்கும்போது அலைபோல் நெளிந்துவிடும். பிடிக்கான துளைகளையும் இப்போதே போட்டுவிடுங்கள், பின்னர் பிட் இறங்காது.

தோய்ச்சல் கொடுப்பது எப்படி?

தரையில் சிறு பள்ளம் தோண்டி, இருபுறமும் சூளைச் செங்கல் வைத்து, ஓர் இரும்புக் குழாய் வழியாகப் பழைய ஹேர் டிரையரின் காற்றைச் செலுத்தினால் அதுவே உலை. அந்தக் குழாய் துத்தநாகம் பூசியதாக இருக்கக் கூடாது. சூடேறினால் வரும் புகை காய்ச்சலை உண்டாக்கும். எரிபொருளுக்குச் சீமைக்கருவேலங்கரி மிகவும் நல்லது. நம் ஊரில் அது தாராளமாகக் கிடைக்கிறது. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கங்களில் மூட்டம் போட்டு எடுப்பது அதைத்தான்.

மாலை மங்கிய பிறகு வேலையைத் தொடங்குங்கள். வெயிலில் சிவப்பின் அளவு கண்ணுக்குத் தெரியாது. காந்தம் ஒன்றைக் கம்பியில் கட்டி அருகில் வைத்துக்கொள்ளுங்கள். எஃகு ஏறத்தாழ 770 டிகிரியை எட்டும்போது காந்தத்தை ஈர்க்காது. 1075, 1084 போன்றவற்றுக்கு அதைவிடச் சற்றே கூடுதலாக, 800 முதல் 815 டிகிரி போதும். சிலிக்கான் கலந்த லாரிப் பட்டைக்கு மேலும் ஐம்பது டிகிரி வேண்டும்.

முதலில் மூன்று முறை இந்தச் சூட்டுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு முறையும் காற்றிலேயே கறுக்கும்வரை ஆறவிடுங்கள். எஃகின் உள்ளே உள்ள இறுக்கம் தளர்ந்து, மணி நுண்மையாகும். நான்காம் முறை அலகு முழுவதும் ஒரே நிறமாகச் சிவந்ததும், தயங்காமல் நேராக எண்ணெய்க்குள் இறக்குங்கள். மேலும் கீழுமாக அசைக்கலாம். பக்கவாட்டில் அசைத்தால் வளையும். பதினைந்து விநாடிக்குப் பின் எடுத்து, பழைய அரத்தால் வாயைத் தேய்த்துப் பாருங்கள். அரம் கடிக்காமல் கண்ணாடிமேல் போவதுபோல் வழுக்கினால் தோய்ச்சல் பிடித்திருக்கிறது.

தண்ணீரில் முக்குவதா, எண்ணெயிலா?

எண்ணெயில். பட்டறையில் தண்ணீரில் முக்குவதைப் பார்த்திருந்ததால், என் இரண்டாவது கத்தியை நானும் வாளித் தண்ணீரில் முக்கினேன். கொதிக்கும் சத்தத்துக்கு நடுவே நகத்தைச் சுண்டியதுபோல் ‘டிக்’ என்று ஓர் ஒலி கேட்டது. வெளியே எடுத்தபோது ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் உப்புத்தாளில் தேய்த்துக் கொண்டிருக்கையில்தான் வாயிலிருந்து முதுகை நோக்கி மயிரிழை விரிசல் ஒன்று அரை அங்குலத்துக்கு ஏறியிருப்பதைக் கண்டேன். பத்து நாள் இழைப்பு அதோடு போயிற்று. பட்டறைக்காரர் வாயை மட்டும், எவ்வளவு நேரம் என்று கைக்கணக்காய் அறிந்து நனைக்கிறார். அந்தக் கைக்கணக்கு எனக்கு இல்லை.

சமையல் எண்ணெய் எதுவானாலும் சரி. மலிவான பாமாயிலே போதும், ஒருமுறை சமைத்த எண்ணெயாகவும் இருக்கலாம். இரண்டு மூன்று லிட்டராவது வேண்டும்; 50 முதல் 60 டிகிரிக்குச் சூடாக்கிக்கொண்டால் எண்ணெய் இளகி, அலகைச் சீராகக் குளிர்விக்கும். வண்டியில் வடித்த பழைய இன்ஜின் ஆயில் வேண்டாம், அதன் புகை நஞ்சு. உயரமான இரும்புப் பாத்திரமும் பொருத்தமான மூடியும் பக்கத்தில் ஒரு வாளி மணலும் இருக்கட்டும். எண்ணெய் தீப்பிடித்தால் மூடியால் மூடுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது.

பதம் இறக்குவது எதற்காக? ஓவன் இல்லாவிட்டால் என்ன செய்வது?

முக்கி எடுத்த எஃகு கடினமாக இருக்கும், ஆனால் கீழே விழுந்தாலே ஒடியும். அதே நாளில் பதம் இறக்கிவிட வேண்டும். கேக் சுடும் ஓவன் இருந்தால் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மீண்டும் இரண்டு மணி நேரம். மலிவான ஓவனின் திருகு காட்டும் எண்ணை நம்பாமல் தனி வெப்பமானி ஒன்றை உள்ளே வையுங்கள். தட்டில் மணல் பரப்பி அதில் கத்தியைப் புதைத்தால் சூட்டின் ஏற்ற இறக்கம் குறையும்.

ஓவன் இல்லையென்றால் நிறத்தைப் பார்த்துச் செய்யலாம். அலகை உப்புத்தாளால் பளபளப்பாக்கிக்கொண்டு, அடுப்பில் நன்கு காய்ந்த தடித்த இரும்புத் தகட்டின்மேல் முதுகுப்புறம் படும்படி நிறுத்துங்கள். வெளிர் வைக்கோல் நிறம், பின் பழுப்பு, ஊதா, நீலம் என்று முதுகிலிருந்து வாயை நோக்கி நிறங்கள் நகர்ந்து வரும். வைக்கோல் நிறம் வாயைத் தொட்டதும் எடுத்துத் தண்ணீரில் நனைத்துவிடுங்கள். முதுகு நீலமாகியிருந்தால் நல்லதே: அங்கே மென்மை வேண்டும்.

தோய்ச்சலை மட்டும் கொல்லர் பட்டறையில் கொடுத்துச் செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம், கற்றுக்கொள்ளவும் அதைவிட நல்ல இடம் கிடையாது. சிவகங்கை மாவட்டத்தில் ஒரு பட்டறையின் வாசலில் நின்று நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பெரியவர், “தம்பி, வெயில்ல நின்னா நிறம் தெரியாது, உள்ள வாங்க” என்று அழைத்து உலைக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். அரிவாளின் வாயை மட்டும் இரண்டு விரல் ஆழம் தண்ணீரில் நனைத்தார். முதுகு இன்னும் கருஞ்சிவப்பாகவே இருந்தது. உடனே உடைந்த சாணைக்கல் துண்டால் வாய்ப்புறத்தை நாலு இழுப்பு இழுத்துக் கருமையை நீக்கி, வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். முதுகில் தங்கியிருந்த சூடு கீழிறங்க இறங்க, அந்த வெள்ளைப் பட்டையின்மேல் மஞ்சள் நிறம் ஈரம் பரவுவதுபோல் நகர்ந்து வந்தது. வாயைத் தொட்ட கணத்தில் மறுபடி முக்கினார். காந்தமும் வெப்பமானியும் இல்லாமல், ஒரே சூட்டில் தோய்ச்சலும் பதமும் முடிந்துவிட்டன.

பட்டறைக்குக் கொண்டுபோகும்போது உங்கள் கத்தி மெல்லியது, எண்ணெயில் முக்க வேண்டியது என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். எண்ணெயையும் நீங்களே கொண்டுபோங்கள். கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். நீங்கள் அங்கே வாங்குவது நாற்பது ஆண்டுப் பழக்கத்தை.

பிடிக்கு என்ன மரம்?

தச்சுப் பட்டறையில் கழித்துப்போடும் தேக்குத் துண்டே போதும். புளி, பூவரசு, வாகை, கருவேலம் எல்லாம் நன்றாக இருக்கும்; மரம் முழுவதும் காய்ந்திருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. ஈரமான மரம் பின்னர் சுருங்கி, எஃகின் ஓரம் துருத்திக்கொண்டு உள்ளங்கையை அறுக்கும். எஃகையும் மரத்தையும் முரட்டு உப்புத்தாளால் கீறி, எண்ணெய்ப்பசை போகத் துடைத்த பின்னரே அரால்டைட் பூசுங்கள். கிளாம்பை மிகவும் இறுக்கினால் பசை முழுதும் பிதுங்கி வெளியேறிவிடும். ஆணிக்கு 4 மி.மீ. பித்தளைக் கம்பி போதும். கடைசியில் ஆளிவிதை எண்ணெயை நாளுக்கொரு பூச்சாக நாலைந்து நாள் தடவினால் மரத்தின் ரேகை எழும்பித் தெரியும். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவையுங்கள், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கக்கூடும்.

எந்தக் கோணத்தில் சாணை பிடிப்பது?

காய்கறிக் கத்திக்குப் பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி. கோணமானி வேண்டியதில்லை: 30 மி.மீ. அகலமுள்ள அலகின் முதுகு கல்லிலிருந்து 8 மி.மீ. உயர்ந்திருந்தால் 15 டிகிரிக்கு மிக அருகில் இருக்கும். ஒரு பக்கம் தேய்க்கும்போது மறுபக்கத்தில் விரல் நுனிக்குத் தட்டுப்படும் பிசிறு, வாயின் நீளம் முழுவதும் எழும்வரை தேய்த்துவிட்டு, பின் பக்கத்தை மாற்றுங்கள். பிசிறு எழாமல் கல்லின் மென்பக்கத்துக்குப் போவதுதான் புதியவர் செய்யும் பெருந்தவறு.

பாதுகாப்புக்கு எவ்வளவு செலவழிக்க வேண்டும்?

கண்ணாடிக்கும் முகக்கவசத்துக்கும் முதல் நாளே செலவழியுங்கள். இரும்புத் தூளும் மரத்தூளும் நுரையீரலில் தங்கினால் எளிதில் வெளியேறா. ஆங்கிள் கிரைண்டரில் சக்கரத்தை மூடியிருக்கும் காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு வேலை செய்யும் பழக்கத்தைத் தயவுசெய்து பின்பற்றாதீர்கள். கட்டிங் வீல் உடைந்தால் அது எந்தத் திசையில் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. லுங்கி, தோளில் துண்டு, துப்பட்டா, தளர்ந்த சட்டைக்கை எதுவும் சுழலும் மெஷினுக்கு அருகில் கூடாது. துளையிடும்போது கையுறையும் வேண்டாம். பிட் அதைச் சுற்றிக்கொண்டு விரலை இழுத்துவிடும். துளையிடும் தகட்டைக் கையால் பிடிக்காமல் கிளாம்பால் இறுக்குங்கள்.

கத்தி செய்வதற்குச் சட்டத் தடை உண்டா?

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் உள்ள விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீட்டு உபயோகத்துக்கும் வேளாண்மைக்கும் தொழிலுக்கும் அமைந்தவற்றுக்கு விலக்கு உண்டு. வாள், குத்துவாள் போன்றவை தனியே பெயர் சொல்லிப் பட்டியலிடப்பட்டுள்ளன. நான்கு அங்குலக் காய்கறிக் கத்தி செய்பவருக்கு இதனால் எந்தச் சிக்கலும் இல்லை. நீங்கள் செய்வது சமையலறைக் கத்தியும் தோட்டக் கத்தியுமாகவே இருக்கட்டும்.

அலைகோடுகள் ஓடும் டமாஸ்கஸ் கத்தியை எப்போது முயலலாம்?

இப்போது வேண்டாம். இன்று அந்தப் பெயரில் வருவது பெரும்பாலும் இருவகை எஃகை அடுக்கி, காய்ச்சி ஒட்டிய தகடு. பழைய டமாஸ்கஸ் வாள்களுக்குப் பயன்பட்டதோ, தென்னிந்தியாவிலிருந்து ஏற்றுமதியான மூசை உருக்கு, அதாவது மண்குடுவையில் உருக்கிய எஃகு. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்களை அகழாய்வில் கண்டெடுத்திருக்கிறார்கள். அந்த மரபை நினைத்து எனக்குப் பெருமிதம் உண்டு. ஆனாலும், ஒரே எஃகில் பத்துக் கத்திகள் செய்து தோய்ச்சல் கைவந்த பிறகு அடுக்கு எஃகுக்குப் போவதே முறை.

கையில் இன்னும் கொஞ்சம் பணம் சேர்ந்தால் அடுத்து எதை வாங்குவது?

முதலில் கனமான வைஸ். ஆடாத வைஸில் அரம் இரு மடங்கு வேகமாக வெட்டும். அடுத்தது ஆங்கிள் கிரைண்டர். பெல்ட் கிரைண்டரை அதற்குப் பின் பார்த்துக்கொள்ளலாம். கைவேலையில் பழகாதவர் கையில் அது, பிழையையும் வேகமாகவே செய்துவிடுகிறது.

செய்து முடித்த கத்தியில் கூர் நிற்கவில்லை. எங்கே தவறு?

வாயைக் கவனித்தால் விடை கிடைக்கும். பென்சில் பருமனுள்ள பித்தளைக் கம்பி ஒன்றை மேசையில் படுக்கவைத்து, சாணை பிடிக்கும் கோணத்தில் வாயை அதன்மேல் அழுத்தி மெல்ல நகர்த்துங்கள். விளக்கு வெளிச்சத்தில் வாய் கம்பியின்மேல் சிறிது வளைந்து, கடந்ததும் நிமிர்வது தெரிந்தால் தோய்ச்சலும் பதமும் சரியாக உள்ளன. பிழை சாணையில் அல்லது வாய் தடித்திருப்பதில். உப்புத்தாளால் சரிவை இன்னும் மெலிதாக்கிப் பாருங்கள். வாய் சில்லுச் சில்லாகப் பெயர்ந்தால் கடினம் மிகுதி: ஓவனில் 10 அல்லது 15 டிகிரி கூட்டி மேலும் இரண்டு மணி நேரம் வைத்தால் சரியாகும். வளைந்த வாய் நிமிராமல் அப்படியே மடிந்து நின்றால் எஃகு மென்மையாகவே இருக்கிறது. தோய்ச்சலில் சூடு போதவில்லை, அல்லது சூடான அலகை எண்ணெய்க்குக் கொண்டுபோகத் தாமதித்துவிட்டீர்கள். அப்படியானால் பிடியைக் கழற்றிவிட்டு, வாயை மீண்டும் முக்கால் மி.மீ. தடிமன் வரும்வரை தேய்த்து, உலையிலிருந்தே தொடங்க வேண்டும்.